லொறி வில்லில் அடித்த சத்தகம் தண்ணியில் வெடிக்குது: எந்த இரும்பு எதுக்கு?

செம்பாட்டுத்தறை:

அண்ணைமாருக்கு வணக்கம். வீட்டுக்குத் தேவையான சாமான் நாலைந்தை நாங்களே அடிச்செடுக்க ஒரு சின்ன உலை போட்டிருக்கு. பழைய லொறி பிறேக் ட்ரம், அடியில் ஒண்டரை இஞ்சிக் குழாய், ஒரு சின்னப் புளோவர், சிரட்டைக்கரி. அடைகல்லுக்கு லொறி அச்சின் தடிச்ச முனையை வேப்பங்குற்றியில் இறக்கியிருக்கு.

அடிக்க வேண்டியது மூண்டு: ஆட்டுக்குக் குழை வெட்டக் கொக்கச்சத்தகம் (நீளத் தடியில் கட்டுகிற வளைஞ்ச கத்தி), கிணத்துக்குள் விழுகிற வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி, முன் படலைக்கு இரண்டு பிணைச்சல் (கீல்).

8 மி.மீ. தடிப்பு லொறி வில்லுத் தகட்டில் (லொறியின் ஸ்பிரிங் தகடு) அடிச்ச சத்தகத்தை நல்லாச் சிவக்கக் காய்ச்சிக் கிணத்துத் தண்ணியில் தோய்ச்சவுடனே, வாயில், அதாவது வெட்டுகிற விளிம்பில், குறுக்காக மூண்டு வெடிப்பு. அதே தகட்டில் அடிச்ச இரண்டாவதைப் பழைய எஞ்சின் ஒயிலில் தோய்ச்சது. அது வெடிக்கேல்லை, ஆனால் ஒரு பூவரசங்கொப்பு வெட்டினதும் வாய் மடங்குது. பிணைச்சலின் கண்ணும் வட்டமாய் வராமல் முட்டை மாதிரி நிக்குது. எங்கே பிழை?

அடைகல்:

தம்பி, தகட்டில் பிழையில்லை. லொறி வில்லு நல்ல உருக்கு. பெரும்பாலும் 0.5 தொடங்கி 0.6 வீதம் வரை காபன், அதோடு மங்கனீசும் குரோமியமும் சேர்ந்தது. அந்தச் சேர்க்கையால்தான் எண்ணெயின் ஆறுதலான குளிர்ச்சியிலேயே அது இறுகிவிடும். தண்ணியின் வேகம் அதுக்கு மிஞ்சினது. தோல் முதலில் இறுகும், உள்பக்கம் பிந்தி இறுகும். இறுகும்போது உருக்கு கொஞ்சம் விரியும். உள்ளே விரிய, ஏற்கெனவே கல்லாய் நிக்கிற தோல் இழுபட்டு வெடிக்கும். வெடிப்பு வாய்க்குக் குறுக்காக வந்திருக்கெண்டால் கிரைண்டர் கீறல்களையும் பாருங்கோ. குறுக்கே விழுந்த ஆழமான கீறல் ஒவ்வொண்டும் வெடிப்புக்கு வழிவெட்டிக் கொடுக்கும். தோய்ச்சலுக்கு முன்னம் கடைசி அரம் எப்பவும் வாயின் நீளவாட்டில்தான் ஓட வேணும்.

வாய் மடங்கினதுக்கு மூண்டு காரணம் இருக்கலாம். ஒண்டு, சூடு காணாது. காந்தம் ஒட்டாமல் போற நிலை ஏறத்தாழ 770 பாகை. அங்கேயே எடுத்துத் தோய்ச்சால் அரைகுறையாகத்தான் இறுகும். காந்தம் விட்ட பிறகு இன்னும் ஒரு சாயல் வெளிறும் வரை, 830 தொடங்கி 850 பாகைக்கு, கொண்டுபோக வேணும். இரண்டு, எண்ணெய் சூடாக்காமல் தடிப்பாய் இருந்தது. 50, 60 பாகைக்குச் சூடாக்கினால் எண்ணெய் இளகி இரும்பைச் சுற்றி நல்லாய் ஓடும், அதனால் கெதியாகக் குளிர்த்தும். சூடான எண்ணெய் கெதியாகக் குளிர்த்தும் எண்டதைப் பலர் நம்பமாட்டினம், ஆனால் அதுதான் உண்மை. மூண்டு, உலையில் காத்துக் கூடி, மேல்தோலில் இருந்த காபன் எரிஞ்சு போயிருக்கும். அப்படியெண்டால் வாயை அரை மில்லிமீற்றர் தேய்ச்சுப் போட்டு அரம் ஓட்டிப் பாருங்கோ. உள்ளே அரம் வழுக்கினால் தோய்ச்சல் சரி, தோல் மட்டும்தான் கெட்டது.

அளவுகள்: 25 மி.மீ. அகலம், 8 தடிப்பு, 110 நீளம் உள்ள துண்டு போதும், 170 கிராம் அளவில் வரும். அதிலிருந்து 200 மி.மீ. வாயும் 100 மி.மீ. காம்பும் எடுக்கலாம். வெட்ட முன்னம் தகட்டில் மண்ணெண்ணெய் பூசித் துடைச்சு, சுண்ணக்கட்டி தேய்ச்சு கொஞ்ச நேரம் விடுங்கோ. ஓடித் தேய்ஞ்ச வில்லில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், உள்ளே நிண்ட எண்ணெய் கசிஞ்சு வெள்ளையில் கோடாய்த் தெரியும். அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கோ.

முதலில் காம்பை இழுங்கோ. பிறகு வளைவு. சத்தகத்துக்கு வாய் உள்வளைவில் இருக்கு. வாய்ப்பக்கத்தை அடிச்சு மெலிய வைக்கிறபோது அந்தப் பக்கம் நீளும், நீண்டால் வளைவு நிமிரும். ஆனபடியால் வேண்டின வளைவைவிடக் கூட வளைச்சு வைச்சுக்கொண்டுதான் வாயை அடிக்கத் தொடங்க வேணும். நேராக வைச்சு வாய் அடிச்சுப்போட்டுப் பிறகு வளைக்கப் போனால் மெல்லிய வாய் அலையலையாய்ச் சுருங்கும். இரும்பு செம்மஞ்சளாய் இருக்கும்போது அடிக்கலாம். கருஞ்சிவப்புக்கு இறங்கினதும் நிப்பாட்டி, திரும்ப உலைக்குள் வையுங்கோ. ஆறின உருக்கில் விழுகிற அடி உள்ளே வெடிப்பாய்த் தங்கும்.

வாயை 1 அல்லது 1.5 மி.மீ. தடிப்பில் விட்டுவிடுங்கோ, கூராக்க வேண்டாம். பிறகு காந்தம் விடும் வரை காய்ச்சிக் காத்துப் படாத இடத்தில் தானாய் ஆற விடுங்கோ. இப்படி மூண்டு தரம். அடிக்கக் காய்ச்சின சூட்டில் பெருத்த மணி, அதாவது உருக்கின் உள்ளே இருக்கிற பரல், இதில்தான் திரும்பப் பொடியாகும். இதைத் தவறவிட்டால் தோய்ச்சல் எவ்வளவு சரியாய் இருந்தாலும் சத்தகம் பிஸ்கற் மாதிரி ஒடியும். சந்தேகமெண்டால் அதே தகட்டில் விரலளவு துண்டொண்டைத் தோய்ச்சு, துணி சுத்தி, வைஸில் பிடிச்சு உடைச்சுப் பாருங்கோ. உடைஞ்ச முகம் மங்கின சாம்பல் நிறத்தில் மா மாதிரி இருந்தால் நல்லது. சீனி மாதிரி மினுங்கினால் சூடு மிஞ்சிப் போச்சு.

கம்மாலையடி:

அடைகல் சொல்வது லொறி வில்லுக்குச் சரி. ஆனால் தண்ணீர்த் தோய்ச்சலே பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. கம்மாலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில்தான் தோய்த்தார்கள். அது வேறு உருக்கு, வேறு முறை.

கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் உடல் பச்சிரும்பு, அதாவது தோய்த்தாலும் இறுகாத மெதுவான இரும்பு. வாயில் மட்டும் உருக்கு வைத்துக் காய்ச்சி ஒட்டினார்கள். முழுவதையும் தண்ணீருக்குள் போடுவதில்லை. வாயில் இரண்டு விரல் அகலம் மட்டும், அதுவும் ஒரே கோட்டில் நிறுத்தி வைக்காமல் மேலும் கீழும் மெல்ல அசைத்தபடி. நிறுத்தி வைத்தால் நீர் மட்டம் தொட்ட கோட்டிலேயே வெடிக்கும். முதுகில் நிற்கும் சூடு பிறகு வாய்க்கு ஊர்ந்து வரும். வாயை ஒரு கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி நிறம் ஓடுவதைப் பார்த்திருந்து, வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுவதையும் தண்ணீரில் இறக்குவார்கள். தோய்ச்சலும் பதம் இறக்குவதும் (இறுகிய வாய் ஒடியாதபடி இளஞ்சூட்டில் கடுமையைக் குறைப்பது) ஒரே சூட்டில் முடிந்துவிடும்.

இதைச் செய்துபார்க்க விரும்பினால் தேய்ந்த அரத்தை எடுங்கள். நல்ல அரத்தில் காபன் ஒரு வீதத்துக்கு மேல், குரோமியம் மிகக் குறைவு. ஓலை வார்கிற சின்னச் சத்தகத்துக்கு அதைவிடப் பொருத்தமான உருக்கு கிடையாது. அரத்தின் பற்களை அடிப்பதற்கு முன்பே முழுவதும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அப்படியே அடித்தால் பற்கள் மடிந்து உள்ளே புதைந்து, ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பாகும்.

கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கடுமையாகத் தோய்க்கும். சூடான இரும்பைச் சுற்றி எழும் நீராவிப் போர்வையை உப்பு உடைத்துவிடும். நல்ல தண்ணீரில் தப்பிய வேலை உவர்த் தண்ணீரில் வெடித்தால் ஆச்சரியமில்லை.

அடைகல்:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. அரத்தில் அடிச்சதுக்குத் தண்ணி, வில்லில் அடிச்சதுக்கு எண்ணெய். அரத்தில் அடிச்சது 3 மி.மீ.க்குக் குறைவான மெல்லிய கத்தி எண்டால் இளஞ்சூட்டு எண்ணெயே போதும், வெடிக்கிற பயமும் குறைவு.

கரிக்கொட்டில்:

உலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தம்பியின் முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் தொடங்குது.

சிரட்டைக்கரி அருமையான கரி. உருக்கைக் கெடுக்கிற கந்தகம் அதில் கிட்டத்தட்ட இல்லை, சூடும் கடுமை. ஆனால் முழுச் சிரட்டையாய்ப் போட்டால் இடையில் பொந்து விழுந்து காத்து நேரே இரும்பில் அடிக்கும். பாக்களவுக்கு உடைச்சு, தூளை அரிச்செடுத்துப் போட்டு, காத்துத் துளைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் குவியுங்கோ. இரும்பு அந்தக் குவியலின் நடுவில், துளைக்கு நாலு விரல் மேலே கிடக்க வேணும், அதுக்கு மேலேயும் கரி மூட வேணும். துளைக்குக் கிட்ட வைச்சால் அது காத்துத் தின்னுகிற இடம், செதிள் செதிளாய் உரியும். புளோவரை முழுக்கத் திறக்கத் தேவையில்லை. குழாய்க்குக் குறுக்கே ஒரு தகரத் தகட்டை வைச்சு அரைவாசி மூடுங்கோ. வெள்ளைப் பொறி நட்சத்திரம் மாதிரிப் பறந்தால் உருக்கே எரியுது. அந்த முனையை வெட்டி எறியத்தான் வேணும், அதைத் திருத்த ஏலாது.

உலைக்குச் சுற்றுக் கட்ட முருகைக்கல்லோ சுண்ணக்கல்லோ வைக்காதேங்கோ. எங்கட பக்கத்தில் கையில் அகப்படுகிற கல்லெல்லாம் அதுதான். அது காய்ஞ்சு வெடிச்சுச் சிதறும், 900 பாகை தாண்டினால் நீறிப் போய்ச் சுண்ணாம்பாகும். சீமெந்துக் கல்லும் உள்ளே இருக்கிற ஈரத்தால் வெடிக்கும். செங்கல்லும் களிமண்ணும் போதும்.

வெயிலுக்குள் காய்ச்சாதேங்கோ. மத்தியான வெளிச்சத்தில் கருஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, செம்மஞ்சள் வெறும் சிவப்பாய்த் தெரியும், அதனால் எப்பவும் சூடு மிஞ்சும். நிழல் கொட்டிலும் பின்னேரமும்தான் இந்த வேலைக்கு. கிடுகு வேலியிலிருந்து தள்ளி நில்லுங்கோ. வைகாசி தொடங்கிச் சோளகக் காத்து வீசுகிற மாதங்களில் ஒரு பொறி காணும். பக்கத்தில் ஒரு வாளி மண்ணும் ஒரு வாளி தண்ணியும் இருக்க வேணும். உடுப்புப் பருத்தியாய் இருக்கட்டும். பொறி பட்டால் நைலோன் உருகித் தோலோடு ஒட்டும்.

இன்னொண்டு. கல்வனைஸ் குழாய், கல்வனைஸ் ஆணி எதையும் உலைக்குள் போடக்கூடாது. அதில் பூசியிருக்கிற நாகம் (துத்தநாகம்) 907 பாகையில் கொதிச்சு ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசிச்சால் அண்டிரவே குளிர்காய்ச்சல் மாதிரிப் போட்டு ஆட்டும். உலையின் காத்துக் குழாயே கல்வனைஸ் எண்டால் கறுத்த இரும்புக் குழாயாய் மாத்துங்கோ.

கப்பிக்கயிறு:

பாதாளக்கரண்டிக்கு உருக்கு வேண்டாம், சாதாரணப் பச்சிரும்புக் கம்பிதான் நல்லது. கிணத்துக் கட்டில் இடிபட்டால் வளையும், ஒடியாது. கொன்கிறீற்றுக்குப் போடுகிற முறுக்குக் கம்பியை விட்டுவிட்டு வழவழப்பான 8 மி.மீ. உருண்டைக் கம்பி வாங்குங்கோ. மீற்றருக்கு ஏறத்தாழ 400 கிராம் நிறை.

நாலு கம்பி வேணும். மூண்டு 350 மி.மீ. நீளம், ஒண்டு 460. நாலின் நுனியையும் 40 மி.மீ. தூரத்துக்கு ஒடுக்கி இழுங்கோ, அது 60 அளவுக்கு நீளும். நுனியை ஊசியாக்க வேண்டாம். மொட்டையாய், பயத்தங்காய் நுனி மாதிரி உருட்டி விடுங்கோ. கூரான நுனி கயித்தை அறுக்கும், பிளாஸ்ரிக் வாளியைக் குத்திப் பொத்தலாக்கும். பிறகு வெளிவிட்டம் 50 மி.மீ. உள்ள குழாய்த் துண்டில் அரை வட்டமாய் வளையுங்கோ. நேர்க்கால் 200, வளைவு 91, மிச்சம் மேல்நோக்கி நிக்கிற நுனி. நாலும் ஒரே அளவாய் வர வேணும். முதலாவதை நிலத்தில் வைச்சுச் சுண்ணக்கட்டியால் கீறி, மற்ற மூண்டையும் அந்தக் கீறலில் வைச்சுப் பாருங்கோ.

நீளக் கம்பியின் மற்ற முனையில் கயிறு கட்டுகிற கண். உள்விட்டம் 25 எண்டால் வேண்டிய கம்பி (25 + 8) × 3.14, அதாவது 104 மி.மீ. அதுக்காகத்தான் அந்தக் கம்பி 110 கூட. கண்ணின் வாயை வெல்டிங்கால் மூடிவிடுங்கோ. நனைஞ்ச கயிறு இறுகி இழுக்கும்போது திறந்த கண்ணுக்கால் நழுவும்.

நாலு காலையும் சதுரமாய்ச் சேர்த்துக் கட்டி, கொழுக்கி நாலும் நாலு திசை பார்க்க வைச்சு, இரண்டு இடத்தில் பட்டி போட வேணும். பட்டிக்கு 3 மி.மீ. தடிப்பு, 15 அகலத் தகடு. நாலு கம்பியையும் ஒரு நூலால் சுத்தி அளந்தால் 57 வரும். அதோடு தகட்டுத் தடிப்பின் 3.14 மடங்கைக் கூட்ட 66. இதுதான் வெட்டவேண்டிய நீளம். தடிப்பைக் கூட்ட மறந்தால் இரண்டு முனையும் சந்திக்காமல் ஒரு விரல் இடைவெளி விழும், எல்லாரும் செய்கிற பிழை அது. தகட்டை முதலில் 'ப' மாதிரி வளைச்சு, செம்மஞ்சளாய்க் காய்ச்சி, கம்பியில் ஏத்தி மூண்டே அடியில் மூடுங்கோ. ஆறும்போது சுருங்கித் தானே இறுகிப் பிடிக்கும். கம்பிகள் குளிர்ந்திருக்க வேணும். அவையும் சூடெண்டால் எல்லாம் சேர்ந்து சுருங்கிப் பட்டி ஆடும்.

குடிக்கிற கிணத்துக்குள் போறது. பெயின்ற் வேண்டாம், கழிவு ஒயில் தொடவே வேண்டாம். சிவப்பு அடங்கிக் கறுத்த சூட்டில் இருக்கும்போது தேங்காயெண்ணெய்த் துணியால் துடைச்சால் ஒரு கறுத்த படை பிடிக்கும். பாவிச்ச பிறகு காய வைச்சுத் தூக்கி வையுங்கோ.

படலைவாசல்:

பிணைச்சலுக்கு முதலில் பாரத்தைக் கணக்குப் பார்க்க வேணும். படலை 40 கிலோ, அகலம் ஒரு மீற்றர், இரண்டு பிணைச்சலுக்கும் இடையில் 90 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம். மேல் பிணைச்சலை வெளியே இழுக்கிற பலம் 40 × 50 ÷ 90 (50 எண்டது அகலத்தின் அரைவாசி), ஏறத்தாழ 22 கிலோ. 25 கிலோப் பிள்ளை ஒண்டு ஓரத்தில் ஏறி ஆடினால் இன்னும் 28 கூடும். ஆனபடியால் மேல் பிணைச்சலுக்குத் திருகாணி காணாது. 10 மி.மீ. போல்ற் மூண்டு, மரத்துக்கு மறுபக்கம் வாசரும் நட்டும்.

தகடு 40 × 6, நீளம் 450, அதோடு கண்ணுக்குரிய நீளம். குடுமிக் கம்பி (கண்ணுக்குள் நிண்டு படலையைத் திரும்ப விடுகிற முளை) 16 எண்டால் கண்ணுக்கு (16 + 6) × 3.14 = 69, கொஞ்சம் இளக்கம் விட்டு 71. கண் முட்டையாய் வாறதுக்குக் காரணம் நுனி. தகட்டின் நுனி 6 மி.மீ. தடிப்பிலேயே இருந்தால் அது வளையாது, பின்னால் இருக்கிற பகுதிதான் வளையும். முதலில் நுனியின் 20 மி.மீ.ஐ 2 தடிப்புக்கு ஒடுக்குங்கோ. அடைகல்லின் ஓரத்துக்கு வெளியே விரலளவு மட்டும் நீட்டி, அந்த நுனியை வளைச்சு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் முன்னுக்குத் தள்ளி அடியுங்கோ. எப்பவும் நுனியிலிருந்து உள்நோக்கி. நடுவில் தொடங்கினால் நுனி நேராய்த்தான் நிக்கும். கடைசிச் சூட்டில் 16.5 மி.மீ. கம்பி ஒண்டை உள்ளே விட்டுச் சுற்றிவரத் தட்டினால் வட்டம் தானாய் வரும். கம்பியை உள்ளேயே ஆற விடாமல் உடனே உருவி எடுங்கோ. கண் சுருங்கி அதைப் பிடிச்சுக்கொள்ளும்.

குடுமியை ஒரே கம்பியை மடக்கிச் செய்தால் மூலையில் இரும்பு மெலியும். அதைவிட 50 × 8 தகட்டில் 12 மி.மீ. துளை போட்டு, 16 மி.மீ. கம்பியின் முனையை 12க்குத் தோள் வைச்சு இறக்கி, பின்பக்கம் சூட்டோடு தட்டி விரிச்சுவிடுங்கோ. கீழ்க் குடுமி மேல்நோக்கி, மேல்க் குடுமி கீழ்நோக்கி நிக்கட்டும். இரண்டும் மேல்நோக்கி நிண்டால் மாடு கொம்பைக் கொடுத்துக் கிளப்பிப் படலையைக் கழட்டிவிடும்.

வெளியில் நிக்கிற இரும்புக்குத் தேங்காயெண்ணெய் போதாது. அது காயாத எண்ணெய், மழையோடு கழுவுப்படும். செதிளை முழுக்க உரிச்சு, ரெட் ஒக்சைட் ஒரு பூச்சு, அதுக்கு மேல் எனாமல் இரண்டு பூச்சு. கடல்காத்துப் படுகிற இடமெண்டால் கண்ணுக்குள்ளே கிறீஸும் வேணும்.

செம்பாட்டுத்தறை:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். இரண்டு கேள்வி. வீட்டில் அவண் இல்லை, தோய்ச்ச பிறகு பதம் இறக்கிறது எப்படி? எஞ்சின் ஒயிலுக்குப் பதிலாய் எது, எவ்வளவு?

அடைகல்:

தேங்காயெண்ணெய் நல்லது, வேறு மரக்கறி எண்ணெயும் சரி. கழிவு ஒயிலின் புகையில் உலோகத் தூளும் நஞ்சும் இருக்கு, விட்டுவிடுங்கோ. 170 கிராம் சத்தகத்துக்கு 4 லீற்றர் காணும். ஒரு தோய்ச்சலுக்கு எண்ணெய் 15 பாகை அளவுதான் சூடேறும். ஒடுங்கி உயர்ந்த தகரப் பேணி, இறுக்கமான தகர மூடியோடு. பிளாஸ்ரிக் கூடாது. எண்ணெய்க்குள் ஒரு துளி தண்ணியும் இருக்கக்கூடாது. உலையிலிருந்து பேணிக்கு ஒரே எட்டுத் தூரம். மெல்லிய வாய் காத்தில் இரண்டு மூண்டு விநாடியிலேயே சூட்டை விட்டுவிடும். கத்தியை நட்டுக்குத்தாய் இறக்கி, வாய்–முதுகுப் போக்கில் மட்டும் அசையுங்கோ. பக்கவாட்டில் அசைத்தால் கோணும். எண்ணெயில் தீப் பிடிச்சால் மூடியை மூடுங்கோ, தண்ணி ஊத்த வேண்டாம்.

தோய்ச்ச சத்தகம் இப்ப கண்ணாடி மாதிரி. நிலத்தில் விழுந்தாலே ஒடியும். நாளைக்குப் பார்ப்பம் எண்டு வைக்காமல் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினவுடனே பதம் இறக்குங்கோ. வாயை இரண்டு பக்கமும் வெள்ளி மாதிரித் தேய்ச்சுத் துடையுங்கோ, விரல் கொழுப்புப் பட்டால் நிறம் பிழையாய்க் காட்டும். ஒரு தடிச்ச இரும்புத் துண்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அதில் சத்தகத்தின் முதுகை மட்டும் வைச்சு நகர்த்திக்கொண்டிருங்கோ. முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அது 210 பாகை. பிறகு தேன் நிறம், 230. பனங்கட்டி நிறம் 255. கத்தரிப்பூ நிறம் 280. மயில் கழுத்து நீலம் 300க்குக் கிட்ட. குழை வெட்டுகிற சத்தகத்துக்குத் தேன் நிறமும் பனங்கட்டி நிறமும் சந்திக்கிற இடத்தில் வாய் இருக்க வேணும், முதுகு நீலத்துக்குப் போகலாம். நிறம் வாய்க்கு வந்தவுடனே தண்ணியில் இறக்குங்கோ, இந்தச் சூட்டில் தண்ணியால் பயமில்லை. துடைச்சுப்போட்டு அதே மாதிரி இன்னொரு தரம்.

செம்பாட்டு மண்ணைக் கொத்துகிற மண்வெட்டி எண்டால் வாயையே நீலத்துக்கு விடுங்கோ. அந்த மண்ணுக்குள்ளே கல்லு இருக்கு. கொஞ்சம் மெதுவான வாய் மடங்கும், அதை அரத்தால் எடுக்கலாம். கடும் வாய் எண்டால் துண்டு பறந்து போகும்.

கம்மாலையடி:

சத்தகத்தைக் கமுகந்தடியில் கட்டும்போது காம்பு நுனியில் ஒரு சென்ரிமீற்றரை மடக்கித் தடிக்குள் இறக்குங்கள். மேலிருந்து கீழே இழுத்து வெட்டும் ஆயுதம் அது. அந்த மடிப்பு இல்லாவிட்டால் எத்தனை சுற்றுக் கம்பி கட்டினாலும் ஒருநாள் உருவிக்கொண்டு தலைக்கு மேல் வரும். காம்பும் மடிப்பும் தோய்ச்சல் ஏறாமல் மெதுவாக இருக்க வேண்டும். தோய்க்கும்போது காம்பை எண்ணெய்க்கு வெளியே பிடியுங்கள். ஏறிவிட்டால் காம்பை மட்டும் நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் வரும்வரை காய்ச்சி ஆற விடுங்கள், அந்த நேரத்தில் வாயில் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்திருக்க வேண்டும்.